பத்துக்கு எத்தனை?

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பக்கம். கதை கிடையாது, வசனம் கிடையாது. அட்டைப்படம், முன்னுரை, 'என் தாய்க்கு' என்று சமர்ப்பணம்... ம்ஹூம். மொத்தம் பத்து வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் எண்கள். அவ்வளவுதான்.

சினிமாவையும் புத்தகத்தையும் அலசுகிற பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி படிவத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சமீப வருடங்களில் நான் படித்த எந்த நாவலும் இந்த ஒரு பக்கம் அளவுக்கு என்னைத் தூங்கவிடாமல் செய்ததில்லை. அதனால்தான்.

படிவத்தின் பெயர் 'எட்மண்டன் சிம்ப்டம் அசெஸ்மென்ட் சிஸ்டம்'. சுருக்கமாக, ஈசாஸ். கனடாவில் எட்மண்டன் என்று ஒரு ஊர். அர்ஜென்டினாவில் பிறந்து அங்கே போய் வேலை பார்த்த எட்வர்டோ ப்ரூவேரா என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் 1991-ல் வெளியிட்டார்கள். குணப்படுத்த முடியாத கட்டத்துக்குப் போய்விட்ட புற்றுநோயாளிகளுக்காக எழுதப்பட்டது. 2011-ல் திருத்திய பதிப்பும் வந்தது.

உள்ளே என்ன இருக்கிறது? வலி, அசதி, தூக்கக் கலக்கம், குமட்டல், பசியின்மை, மூச்சு வாங்குதல், மனச்சோர்வு, பதற்றம், ஒன்பதாவதாக 'மொத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள்?'. ஒவ்வொன்றுக்கும் நோயாளி ஒரு எண் சொல்ல வேண்டும். பூஜ்யம் என்றால் இல்லவே இல்லை. பத்து என்றால் இதைவிட மோசமாக இருக்க முடியாது. பத்தாவது வரி காலி. வேறு ஏதாவது தொந்தரவு இருந்தால் எழுதிக்கொள்ளலாம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன், என் பெரியப்பா இதற்குப் பதில் சொல்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற வரைக்கும்.

பெரியப்பாவிடம் போவதற்கு முன்னால் கொஞ்சம் சினிமா. ஏனென்றால் கேன்சரைப் பற்றி நம் குடும்பங்களுக்குப் பாடம் எடுத்தது டாக்டர்கள் இல்லை, சினிமாதான்.

1962-ல் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. கேன்சர் வந்த கணவன், 'நான் போய்விட்டால் நீ அந்த டாக்டரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும்' என்று மனைவியிடம் சொல்கிறான். 1982-ல் 'வாழ்வே மாயம்'. ஹீரோ தன் நோயைக் காதலியிடம் சொல்லாமல், தன்னை அவள் வெறுத்து ஒதுங்கும்படி நடந்துகொள்கிறான். அதே வருடம் 'பயணங்கள் முடிவதில்லை'. அங்கேயும் நோய் வந்த ஹீரோ காதலியை விலக்குகிறான். மூன்றுமே ஜனங்கள் கொண்டாடிய படங்கள். நானும் பார்த்துக் கண் கலங்கியவன்தான்.

ஆனால் கவனியுங்கள். இந்தப் படங்களில் கேன்சருக்கு ஒரே ஒரு அறிகுறிதான் உண்டு. பிரிவு! அழகாகத் தாடி வளரும், இருமல் வரும், பாட்டு வரும். வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொள்ளாது. நாலு நாளாக மலம் போகாமல் வயிறு கல்லாக இருக்காது. ராத்திரி மூன்று மணிக்குக் குப்புறவும் முடியாமல் மல்லாக்கவும் முடியாமல் நோயாளி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

சினிமா டாக்குமென்டரி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மலச்சிக்கலுக்கு டூயட் வைக்க முடியாது. ஆனால் இந்தக் கதைகள் நம்மிடம் விட்டுப் போன பாடம் ஒன்று இருக்கிறது. நோயை மறைப்பதுதான் அன்பு என்கிற பாடம். நோயாளி குடும்பத்திடம் மறைக்க வேண்டும், குடும்பம் நோயாளியிடம் மறைக்க வேண்டும். யார் அதிகமாக மறைக்கிறார்களோ அவர்கள்தான் அதிகமாகப் பாசம் வைத்திருக்கிறார்கள்! சரி, விஷயத்தையே மறைத்துவிட்ட வீட்டில் 'உங்களுக்கு என்ன பண்ணுது?' என்று யார் யாரைக் கேட்பது?

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது.

பெரியப்பா விருதுநகரில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் நாற்பது வருடம் கணக்குப்பிள்ளை. கால்குலேட்டரை நம்பாதவர். எழுபத்தெட்டாவது வயதில் நுரையீரல் புற்றுநோய். கண்டுபிடிக்கும்போதே முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. குணமாக்க முடியாது என்று டாக்டர் எங்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்ததும் நாங்கள் எடுத்த முதல் தீர்மானம், 'அவருக்குத் தெரியக் கூடாது'. அவரிடம் 'நெஞ்சுல சளி, முதுகுல தேய்மானம்' என்று சொன்னோம். எனக்கு நினைவிருக்கிறது, தேய்மானம் என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவன் நான்தான். பி.காம்.காரன் இல்லையா!

அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், 'எப்படி இருக்கீங்க?' அவரும் எல்லோருக்கும் சொன்னார், 'நல்லா இருக்கேன்.' வந்தவர்கள் ஆர்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, 'ஆள் தெம்பாத்தான் இருக்கார்' என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் முகத்தைப் பார்த்ததைவிட ஸ்கேன் படத்தைப் பார்த்த நேரம் அதிகம். டாக்டரைக் குற்றம் சொல்லவில்லை. வெளியே எழுபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

'எப்படி இருக்கீங்க?' என்பது நம் ஊரில் கேள்வியே இல்லை, வணக்கம் மாதிரி ஒன்று. இது நம் ஊருக்கு மட்டுமான வியாதியும் இல்லை. 2001-ல் மைக் நிக்கல்ஸ் இயக்கிய 'விட்' என்று ஒரு ஆங்கிலப் படம். முற்றிய சூலகப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு ஆங்கிலப் பேராசிரியை. எம்மா தாம்ப்ஸன் தலைமுடி இல்லாமல் நடித்திருப்பார். வருகிற டாக்டரெல்லாம் 'இன்று எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்பார்கள். பதிலுக்கு நிற்க மாட்டார்கள். ஒரே ஒரு நர்ஸ் மட்டும் நின்று காதில் வாங்குவாள். சினிமாவில் இந்த விஷயத்தை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன படங்கள் அபூர்வம்.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு நர்ஸ் வந்தார். வீட்டுக்கே வந்து வலி நிவாரண சிகிச்சை கொடுக்கிற ஒரு தொண்டு அமைப்பிலிருந்து. தெரிந்தவர் சொல்லி, அரை மனதோடு கூப்பிட்டிருந்தோம். நாற்காலியை இழுத்துப் போட்டு பெரியப்பாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். கையில் அந்த ஒரு பக்கம்.

"ஐயா, வலி பத்துக்கு எத்தனை இருக்கும்?"

பெரியப்பா யோசித்தார். "பத்துல எல்லாம் சொல்ல வராதும்மா. ரூபாய்க்குப் பன்னண்டணா."

நர்ஸ் சிரிக்கவில்லை. ஏழரை என்று குறித்துக்கொண்டார்.

அன்றைக்குக் காலையில்தான் என்னிடம் 'வலியெல்லாம் ஒண்ணும் இல்லப்பா' என்றிருந்தார்.

அடுத்து அசதி, எட்டணா. மூச்சு வாங்குவது, நாலணா, படுத்தால் எட்டணா. இப்படியே வரிசையாகப் போய், கடைசியில் அந்தக் காலி வரி வந்தது. "இதுல இல்லாத வேற தொந்தரவு ஏதாச்சும்?" என்றார் நர்ஸ். பெரியப்பா என்னையும் பெரியம்மாவையும் பார்த்தார். நர்ஸ் எங்களைப் பார்த்தார். நாங்கள் எழுந்து வெளியே போனோம்.

உள்ளே அவர் சொன்னது இதுதான். ஆறு நாளாக மலம் போகவில்லை. அதனால்தான் சாப்பாடே வேண்டாம் என்கிறார். வலி மாத்திரை சாப்பிட்டால் இன்னும் இறுகிவிடுகிறது என்று அவரே கண்டுபிடித்து, மாத்திரையைப் பாதி நாள் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். நாங்களோ பசி இல்லாததற்குக் காரணம் நோய்தான் என்று முடிவு கட்டி, சத்து பவுடர் கலக்கிக் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்!

மார்ஃபின் வகை மாத்திரை கொடுத்தால் மலச்சிக்கல் அநேகமாக வரும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி. அதைச் சரி செய்த மூன்றாம் நாள் பெரியப்பா இட்லி கேட்டார். மாத்திரையை ஒழுங்காக, நேரத்துக்குப் போட ஆரம்பித்ததும் பன்னண்டணா வலி நாலணாவுக்கு வந்தது. மூச்சு வாங்கும்போது முகத்துக்கு நேராக டேபிள் ஃபேனை வைக்கச் சொன்னார் நர்ஸ். அதுவும் வேலை செய்தது. புது ஸ்கேன் இல்லை, புது மருந்துகூட அதிகம் இல்லை. கேட்டார், அவ்வளவுதான்.

இப்போது விமர்சனத்துக்கு வருவோம். முதலில் நிறைகள்.

படிவத்தின் அடியில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. இதை நிரப்பியது யார்? நோயாளியா, குடும்பத்தாரா, மருத்துவ ஊழியரா? என்னைக் கேட்டால் இதுதான் படிவத்தின் உயிர். வீட்டுக்காரர்கள் பதற்றத்தில் பெரும்பாலும் கூட்டிச் சொல்வார்கள். டாக்டர்கள் குறைத்து எடை போடுவார்கள். வலி யாருடையதோ அவர் சொல்வதுதான் கணக்கு.

இரண்டாவது, எண். எண் கல்நெஞ்சம் பிடித்தது என்று இலக்கிய நண்பர்கள் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'ரொம்ப வலிக்குது' என்பதை நேற்றோடு ஒப்பிட முடியாது. ஏழரை இரண்டரையானதை ஒப்பிடலாம். ஸ்கேன் என்பது வருடாந்திர பேலன்ஸ் ஷீட் மாதிரி. கம்பெனியின் நிலைமை தெரியும், இன்றைக்குக் கல்லாவில் காசு இருக்கிறதா என்று தெரியாது. இந்தப் படிவம் தினசரி ரொக்கப் புத்தகம்.

இதெல்லாம் வெறும் ஆறுதல் வேலை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு தகவல். 2010-ல் பாஸ்டனில் ஒரு ஆய்வு வெளியானது. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேர். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் கேர், அதாவது இந்த மாதிரி கேட்டுக் கவனிக்கிற சிகிச்சை. இரண்டாவது பிரிவுக்கு மனச்சோர்வு குறைவு. ஆயுளும் சராசரிக் கணக்கில் 8.9 மாதத்துக்கு 11.6 மாதம். 2017-ல் இன்னொன்று. நியூயார்க்கில் 766 பேரை வைத்துச் செய்தது. நோயாளிகளே அறிகுறிகளை டேப்லெட்டிலும் கம்ப்யூட்டரிலும் பதிவு செய்தார்கள், மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போனது. அவர்கள் 31.2 மாதம், வழக்கமான முறையில் இருந்தவர்கள் 26. புது மருந்து ஒன்று இவ்வளவு செய்திருந்தால் விலை என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

குறைகள்? இருக்கின்றன.

ஒன்பதாவது வரி, 'வெல்பீயிங்'. அதை நல்ல தமிழில் கேட்டால் மறுபடியும் 'எப்படி இருக்கீங்க?'தான் வரும். மறுபடியும் 'நல்லா இருக்கேன்'தான். இங்கிலீஷ்காரர்களே அசதிக்கும் தூக்கக் கலக்கத்துக்கும் குழம்பினார்கள் என்றுதான் 2011 பதிப்பில் பக்கத்திலேயே விளக்கம் சேர்த்தார்கள். நம்மிடம் குடைச்சல், கடுப்பு, குத்தல், எரிச்சல், சுருக் என்று வலிக்கே அரை டஜன் பெயர் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறாக இருக்கலாம். கேட்பவருக்கு அந்த வார்த்தைகள் தெரிய வேண்டும்.

இன்னொரு குறை பெரியது. உடம்பு, மனசு, இரண்டையும் கேட்கிற எட்மண்டன் படிவம் பணத்தைக் கேட்கவில்லை. குடும்பத்தைக் கேட்கவில்லை. 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நர்ஸாக இருந்து, சமூக சேவகியாகி, அப்புறம் டாக்டரானவர். உடல், மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்ததுதான் வலி, 'முழு வலி' என்று சொல்லிக் கொடுத்தவர் அவர். லண்டன் கிங்ஸ் காலேஜிலிருந்து 1999-ல் வந்த 'பாஸ்' என்ற இன்னொரு படிவம் அந்தப் பாதையில் போகிறது. உங்கள் வீட்டார் எவ்வளவு கவலையில் இருக்கிறார்கள், பணம் போன்ற நடைமுறைப் பிரச்னைகள் தீர்ந்தனவா என்று கேட்கிறது. ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட்டுகளில் எவ்வளவு நேரம் வீணானது என்றும் ஒரு கேள்வி! விடிகாலை நாலு மணி பஸ் பிடித்து வந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்காருகிற நம் ஜனங்களை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் நர்ஸ் படிவத்தை மடித்து வைத்துவிட்டு அந்தக் கேள்விகளையும் வாய்மொழியாகக் கேட்டார். "உடம்பைப் பத்தி உங்களுக்கு எவ்வளவு தெரியும் ஐயா? எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?"

"எல்லாம் தெரியும்மா. ஆஸ்பத்திரி பில்லைக் கூட்டிப் பார்த்தது யாரு? நான்தானே. எந்த டிபார்ட்மென்ட்னு அதுலயே போட்டிருக்கு. இவுக தாங்க மாட்டாகன்னுதான் சொல்லல."

ஆக, நாலு மாதமாக எங்கள் வீட்டில் எல்லோரும் 'வாழ்வே மாயம்' நடித்துக்கொண்டிருந்தோம்.

அவரை அரித்துக்கொண்டிருந்த கவலை என்ன தெரியுமா? பேங்க் டெபாசிட்டில் நாமினியாக, எப்போதோ செத்துப்போன அவர் அம்மாவின் பெயர் இருந்தது. மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்போம் என்று வாயைத் திறக்கவில்லை. அரை நாள் வேலை. நானே போய் முடித்துக் கொடுத்தேன். அந்த வார எண்களில் பதற்றம் பாதியானது. பி.காம். படித்து நான் செய்த உருப்படியான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

இனி, படிவத்தில் இல்லாத குறை. நம்மிடம் இருக்கிற குறை. கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாவிட்டால் இது வெறும் காகிதம். வலி எட்டு என்று எழுதிக்கொண்டு கையில் மார்ஃபின் இல்லாமல் திரும்பிப் போகிறவர், கேட்காமலே இருந்திருக்கலாம். வலியின் அளவுக்கேற்பப் படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொல்லிவிட்டது. வாய்வழி மார்ஃபின் விலை குறைந்த மருந்துதான். ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பு, 1985-ல், நாம் போட்ட போதைப்பொருள் சட்டம் கடத்தல்காரனைப் பிடிக்கிற வேகத்தில் கேன்சர் நோயாளியின் மாத்திரையையும் பிடித்துவிட்டது. ஏகப்பட்ட லைசென்ஸ்கள். 2014-ல்தான் திருத்தம் வந்து நடைமுறை சுலபமானது. சட்டம் மாறினாலும் 'மார்ஃபினா? அடிமை ஆயிடுவாரே' என்கிற பயம் நம் வீடுகளில் அப்படியே இருக்கிறது. மிச்சமிருக்கிற நாட்களை வலியில்லாமல் கழிக்கக் கேட்கிற மனிதரிடம் இந்தப் பயத்தைக் காட்டுவது என்ன நியாயம்?

செய்ய முடியாதா என்றால் பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் சின்னதாக ஆரம்பித்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் மலப்புரம் பக்கத்தில் கடைக்காரர்களும் ஆசிரியர்களும் குடும்பத் தலைவிகளும் பயிற்சி எடுத்துக்கொண்டு, தெருவில் படுக்கையில் கிடப்பவர்களைத் தேடிப்போய்க் கேட்க ஆரம்பித்தார்கள். அரிசி இருக்கிறதா, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியாச்சா என்பதும் அவர்கள் கேள்விகளில் உண்டு. 2008-ல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் வலி நிவாரண சேவையும் சேர்க்கப்பட்டது. நல்ல விஷயம். ஆனால் நர்ஸ் வாசலுக்கு வரும்போது, 'உள்ளே போய் கேன்சர்னு சொல்லிடாதீங்க' என்று அவரை மடக்குவது நாம்தான். அந்தக் கதவைத் திறக்க எந்தத் திட்டமும் வராது.

பெரியப்பா அதற்கப்புறம் ஏழு மாதம் இருந்தார். போன பிறகு அவர் அலமாரியில் ஒரு நீளமான கணக்கு நோட்டு கிடைத்தது. நர்ஸ் கேட்ட கேள்விகளை அவரே கோடு போட்டு, தேதி வாரியாக எழுதி வைத்திருக்கிறார். வலி, மூச்சு, தூக்கம், மலம். மணி மணியான எழுத்து. அணா போய் பத்துக்கு வந்துவிட்டார். கடைசியில் படிவத்தில் இல்லாத ஒரு கட்டம், அவராகச் சேர்த்தது. தலைப்பு 'வீட்டம்மா'.

கடைசிப் பக்கத்தில் கடைசி வரி: வலி 2. மூச்சு 6. தூக்கம் 3. மலம் சரி. வீட்டம்மா 9.

எட்மண்டன்காரர்கள் விட்டுவிட்ட வரியை எங்கள் கணக்குப்பிள்ளை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒன்பதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஏழு மாதமும் பெரியம்மா எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணும்போது பெரியம்மாவிடம் 'நல்லா இருக்கீங்களா?' என்று கேட்பதை விட்டுவிட்டேன். 'பத்துக்கு எத்தனை பெரியம்மா?' என்றுதான் கேட்கிறேன். முதலில் 'போடா கிறுக்கா' என்றார்.

போன வாரம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆறு இருக்கும்யா" என்றார். டிக்கெட் போட்டுவிட்டேன். சனிக்கிழமை விருதுநகர் போகிறேன்.